ஹைடேல் நிறுத்தம்: காத்திருந்தவங்களுக்கு இனி என்ன?

2025 ஜூன் 24, காலை 7.10 · மஸ்கெலியா

மைன்கிராஃப்ட் மாதிரி பிளொக் அடுக்கிக் கட்டுற ஹைடேல் கேமை, வெளிவர முன்னாடியே நிறுத்திட்டாங்க. நேத்து அறிவிச்சிருக்காங்க. 2018 டிசம்பர்ல ட்ரெய்லர் வந்த நாள்ல இருந்து பசங்க எல்லாம் காத்துக்கிட்டு இருந்தோம். ரயட் மாதிரி காசுள்ள கம்பனி வாங்கியும் ஒரு கேமை முடிக்க முடியலன்னா யாரை நம்புறது? குரூப்ல எல்லாரும் ஏமாத்திட்டானுங்கன்னு திட்டுறாங்க. நிஜமாவே ஏமாத்து வேலைதானா? காசு கட்டினவங்களுக்குத் திரும்ப வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க அண்ணே.

2025 ஜூன் 24, மாலை 6.45 · கொட்டகலை

காசு விசயத்தை முதல்ல முடிப்போம் தம்பி. ஹைடேல் இதுவரைக்கும் யார்கிட்டயும் முன்பதிவுக் காசு வாங்கல. பீட்டாவுக்கு, அதாவது வெளியீட்டுக்கு முந்தின சோதனைக்கு, பேர் கொடுத்தது மின்னஞ்சல் மட்டும்தான், இலவசம். அதனால திரும்ப வர வேண்டிய காசுன்னு ஒண்ணு கிடையாது.

"பீட்டா கீ வேணுமா"ன்னு கேட்டு டொலர் கணக்குல வித்தவங்ககிட்ட யாராவது வாங்கியிருந்தா அது கம்பனிக்குச் சம்பந்தமில்லாத மோசடி. செய்ய வேண்டியது இதுதான். வங்கி ஆப்ல கார்டின் வெளிநாட்டு, ஒன்லைன் பரிவர்த்தனையை உடனே மூடு. வங்கிக்குப் போன் பண்ணி "சேவை கிடைக்கல"ன்னு காரணம் சொல்லி முறைப்பாட்டுப் படிவம் கேளு. வீசா, மாஸ்டர்கார்ட் ரெண்டுலயும் இந்த மாதிரி முறைப்பாட்டுக்குப் பொதுவா 120 நாள் எல்லை இருக்கு, அதைத் தாண்டினா வங்கி கையை விரிச்சுடும். வித்தவன் அனுப்பின செய்தி, ரசீது, பக்கத்தின் படம், எல்லாத்தையும் அவன் அழிக்கிறதுக்குள்ள எடுத்து வை. அந்தத் தளத்துல போட்ட கடவுச்சொல்லையே மின்னஞ்சலுக்கும் வச்சிருந்தா மின்னஞ்சலோடதை முதல்ல மாத்து. போன காசை விடப் போற கணக்குதான் பெரிய நட்டம்.

ஏமாத்து வேலையான்னு கேட்டதுக்குப் பதில் நீளம். ராத்திரி எழுதுறேன்.

2025 ஜூன் 24, இரவு 10.20 · கொட்டகலை

நடந்ததை வரிசையா வைக்கிறேன்.

ஹைபிக்ஸல்ங்கிறது 2013ல தொடங்கின மைன்கிராஃப்ட் சேர்வர், பல பேர் ஒரே நேரத்துல வந்து சேர்ந்து விளையாடுற இடம். அதை நடத்தினவங்கதான் சொந்தமா ஒரு கேம் செய்யக் கிளம்பினாங்க. 2018 டிசம்பர் 13 ட்ரெய்லர். 2021ல எல்லாரும் விளையாடலாம்னு சொன்னாங்க. 2020 ஏப்ரல்ல ரயட் முழுசா வாங்கிச்சு. 2021ல, "2023க்கு முன்னாடி எதிர்பார்க்காதீங்க"ன்னு மாத்தினாங்க. 2022 ஜூலைல பெரிய குண்டு: இன்ஜினை, அதாவது கேமை ஓட்டுற அடிப்படை மென்பொருளை, சி++ மொழியில திரும்ப எழுதுறோம், கணினி, கொன்சோல், போன் எல்லாத்துலயும் ஒரே கேம் ஓடணும்னு. அதுக்கப்புறம் மூணு வருசம். இப்ப நிறுத்தம்.

அறிவிப்புல அவங்க சொல்ற காரணம் இதுதான்: காலம் போகப் போக எதிர்பார்ப்பும் தொழில்நுட்ப ஆசையும் ஏறிக்கிட்டே போச்சு, இன்ஜினைத் திரும்ப எழுதின பிறகும் கேம் இருக்க வேண்டிய இடத்துக்கு வரல, குறைச்சு வெளியிட்டா அது சொன்ன கேமா இருக்காது. இதுல பொய் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல. கெட்ட நிர்வாகம்னு சொல்லு, ஒத்துக்கிறேன். ஏமாத்துறவன் காசை வாங்கிட்டு ஓடுவான். இவங்க காசைப் போட்டுட்டு நிக்கிறாங்க.

2025 ஜூன் 25, காலை 8.00 · பண்டாரவளை

ஒரு திருத்தம். பழைய இன்ஜின்னா ஒண்ணு இல்ல, ரெண்டு பகுதி. நாம ஓட்டுற பக்கம் சி ஷார்ப், சேர்வர் பக்கம் ஜாவா. சேர்வரும் சேர்த்துத்தான் சி++க்குப் போகும்னு சொன்னாங்க. மொட் (ரசிகர்களே எழுதிக் கேமுக்குள்ள சேர்க்கிற மாற்றம்) செய்யக் காத்திருந்தவங்களுக்கு அங்கயே வயிறு கலங்கிச்சு, ஏன்னா மைன்கிராஃப்ட் மொட் எழுதினவன் கையில இருக்கிறது ஜாவா.

2025 ஜூன் 25, இரவு 9.15 · கொட்டகலை

சரியான திருத்தம். அதுல இருந்தே தொடங்குறேன்.

இன்ஜினைத் திரும்ப எழுதுறதுன்னா, ஆள் குடியிருக்கிற லய வீட்டை இடிக்காம அத்திவாரத்தை மட்டும் மாத்துற வேலை. உலகம் உருவாக்குற கணக்கு, பிளொக் சேமிக்கிற முறை, உருவங்களின் அசைவு, வெளிச்சம், சேர்வருக்கும் போனுக்கும் நடுவுல போற தகவல், மொட் கருவி, இது ஒவ்வொண்ணையும் பழையதுல ஓடின அளவுக்குத் திரும்பக் கொண்டு வரணும். அந்த அளவுக்கு வர்ற வரைக்கும் புதுசா ஒண்ணும் சேராது. ஓவியரும் நிலை வடிவமைப்பாளரும் இதுக்கு நடுவுல சும்மா இருக்க முடியாது. பழைய கருவியில செய்வாங்க, பிறகு அதையும் புதுசுக்கு மாத்தணும். ஒரே வேலைக்கு ரெண்டு தடவை சம்பளம். வெளியில இருந்து பார்க்கிறவனுக்கு மூணு வருசத்துல தெரியுறது மரம், புல், தண்ணி காட்டுற சின்ன வீடியோ மட்டும்.

கொன்சோலும் போனும் வேணும்னு முடிவெடுத்ததுல தப்பில்ல. நம்ம பக்கத்துல முக்காவாசிப் பேர் போன்லதான் விளையாடுறான். முடிவெடுத்த நேரம்தான் தப்பு. ட்ரெய்லர் போட்டு நாலு வருசம் கழிச்சு எடுத்தாங்க. ட்ரெய்லருக்கு முன்னாடி எடுத்திருந்தா யாருக்கும் தெரியாமலே முடிஞ்சிருக்கும்.

2025 ஜூன் 25, இரவு 11.40 · ராகலை

அப்ப ட்ரெய்லர் பார்த்து ஆசைப்பட்டது எங்க தப்பா? நல்லா இருக்கு நியாயம்.

2025 ஜூன் 26, மாலை 5.30 · கொட்டகலை

அப்படிச் சொல்லல. ஆசைப்படு. ஆனா ஒரு கேம் உயிரோட இருக்கா, இழுத்துக்கிட்டு இருக்கான்னு வெளியில இருந்தே ஓரளவு பார்க்கலாம். நான் பார்க்கிறது என்னன்னு எழுதுறேன்.

முதல்ல, வெட்டாத வீடியோ. ஒரு ஆள் கன்ட்ரோலரைப் பிடிச்சு பத்து நிமிசம் தொடர்ந்து விளையாடுற காட்சியைக் கடைசியா எப்பக் காட்டினாங்க? ரெண்டு நொடிக்கு ஒரு தடவை வெட்டுற வீடியோவுல மூணு தனித்தனி மாதிரிக் காட்சியை ஒட்டி ஒரு கேம் மாதிரி காட்டலாம். அடுத்தது, வெளியாள் கை. கம்பனிக்குச் சம்பந்தமில்லாத நூறு பேராவது விளையாடி, கருத்துச் சொல்ல அனுமதி வாங்கியிருக்காங்களா? ஒன்லைன் கேமுக்கு இது ரொம்ப முக்கியம். அலுவலக வலையமைப்புல இருபது பேர் ஓட்டுறதும், ஆயிரம் பேர் பல நாட்டுல இருந்து வர்றதும் வேற வேற பிரச்சினை. ரெண்டாவதை ஒருநாளும் சோதிக்காத கேம் பாதிகூட முடியலன்னு எடுத்துக்கோ.

தேதி எப்படி நகருதுன்னும் பாரு. "மார்ச்" போய் "நவம்பர்" ஆனா அது சாதாரணத் தாமதம். தேதி போய் "தயாரானதும்"னு ஆனா உள்ளுக்குள்ள அட்டவணையே இல்ல. வேலைவாய்ப்பு விளம்பரமும் பொய் சொல்லாது. அறிவிச்சு அஞ்சு வருசத்துக்குப் பிறகு "சண்டை முறைக்குத் தலைமை வடிவமைப்பாளர் தேவை"ன்னு போட்டா, சண்டை முறை இன்னும் பிறக்கல.

இன்ஜின் மாற்றத்தை மேலயே சொல்லிட்டேன். ஹைடேல்ல இந்த அடையாளம் ஏறக்குறைய எல்லாமே இருந்துச்சு.

2025 ஜூன் 26, இரவு 7.05 · பண்டாரவளை

இந்தக் கணக்குல பார்த்தா எங்க ஊர் ரோட்டு வேலையும் ரத்துதான்.

2025 ஜூலை 3, காலை 9.50 · ராகலை

நேத்து மைக்ரோசொப்டும் தொடங்கிட்டான். பர்ஃபெக்ட் டார்க் இல்ல, எவர்வைல்ட் இல்ல, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒன்லைன் செஞ்ச குழுவோட புது ஒன்லைன் கேமும் இல்ல. ஆயிரக்கணக்குல வேலை நீக்கம். என்ன வியாதி இது?

2025 ஜூலை 3, இரவு 9.30 · கொட்டகலை

மூணாவது சொன்னது பிளாக்பேர்ட்ங்கிற உள்பெயர்ல 2018ல இருந்து நடந்த வேலை. பொதுமக்களுக்கு அறிவிக்கவே இல்ல. அதனால அதுக்கு அழுறவங்க குறைவு. ஒரு கேம் சாகும்போது ரசிகன் எவ்வளவு காயப்படுறான்ங்கிறதை, எவ்வளவு வருசம் வேலை நடந்துச்சுங்கிறது தீர்மானிக்கிறதில்ல. எவ்வளவு சீக்கிரம் காட்டினாங்கங்கிறதுதான் தீர்மானிக்குது. பிளிசார்டின் டைட்டன் இதுக்கு நல்ல உதாரணம். 2007 வாக்குல தொடங்கி, 2014 செப்டம்பர்ல நிறுத்தினதை ஒத்துக்கிட்டாங்க. ஏழு வருசம். ஆனா ஒரு படம்கூட வெளியில காட்டல. எஞ்சின யோசனையில இருந்து ஓவர்வொட்ச் பிறந்து 2016 மே மாசம் வந்துச்சு, டைட்டனை எல்லாரும் மறந்தாங்க.

இதுக்கு நேர் எதிர் எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட். 2013ல மேடை போட்டுக் காட்டினாங்க: உடைக்கக்கூடிய உலகம், நீ செய்றதை நினைவு வச்சிருக்கிற பாத்திரங்கள். 2016 மார்ச்ல நிறுத்தினாங்க. பகுதிகளைச் சேர்த்துப் பார்த்தப்போ விளையாட சுவையா இல்லன்னு கம்பனித் தலைவரே எழுதினார். இதுல மோசமான பாகம் லேண்ட்மார்க். நெக்ஸ்டுக்குக் கட்டடம் கட்டிக் கொடுக்குற துணைக் கேம்னு சொல்லி, 20, 60, 100 டொலர்னு மூணு விலையில, வெளிவர முன்னாடியே நுழைய விடுற நிறுவனர் பொதி வித்தாங்க. 2016 ஜூன்ல வெளியீடுன்னு பேர் பண்ணி, 2017 பிப்ரவரியில மூடிட்டாங்க. காசு கட்டி, கட்டடமும் கட்டிக் கொடுத்த ரசிகன் கையில ஒண்ணுமில்ல. ஏமாத்து வேலைங்கிற வார்த்தையை எங்கயாவது போடணும்னா அங்க போடு.

2025 ஜூலை 3, இரவு 11.10 · கொட்டகலை

மேல உள்ளதோட சேர்த்து இன்னொண்ணு. காரணம் எப்பவும் "செய்ய முடியல" இல்ல. சில நேரம் "செஞ்சா நடத்த முடியாது."

த லாஸ்ட் ஒஃப் அஸ் ஒன்லைனை நோட்டி டோக் 2023 டிசம்பர்ல நிறுத்தினப்போ சொன்ன காரணத்தை நிதானமா வாசிச்சுப் பாருங்க. வெளியிட்டா பல வருசத்துக்கு ஸ்டூடியோவின் முழு ஆளையும் அதுக்குப் புதுச் சரக்கு செய்யவே போடணும், தனியாள் கதைக் கேம் செய்ற வேலை அடிபடும்னு. ஒன்லைன் கேமுக்கு வெளியீட்டு நாள் முடிவு நாள் இல்ல, செலவு தொடங்குற நாள். சேர்வர் வாடகை, மோசடி பிடிக்கிற ஆள், வாடிக்கையாளர் பதில், ரெண்டு மாசத்துக்கு ஒரு புதுப் பருவம். கேம் நல்லா வந்தாலும் இந்தக் கணக்கு ஒத்துவரலன்னா மேலிடம் நிறுத்தும்.

2024 ஜனவரியில பிளிசார்ட் நிறுத்தின உயிர்பிழைப்புக் கேமிலயும் இன்ஜின் சிக்கல்தான் பேச்சு. அன்ரியல்ங்கிற இன்ஜின்ல தொடங்கி, சொந்த இன்ஜினுக்கு மாறி, ஆறு வருசத்துக்கு மேல போச்சு. ஹைடேலுக்கு அண்ணன் மாதிரி.

2025 ஜூலை 4, மாலை 4.20 · மஸ்கெலியா

கணினிக் கேம் எல்லாம் சரி அண்ணே. இங்க பெரும்பாலும் போன்தானே. ஏபெக்ஸ் மொபைல்ங்கிற போன் கேமுக்கு ரீலோட் காசு, அதான் போன் மீதியை, போட்டவங்க இருக்காங்க. அதுக்கு என்ன வழி இருந்துச்சு?

2025 ஜூலை 4, இரவு 8.40 · கொட்டகலை

ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் மொபைல் 2022 மே 17 வந்துச்சு. அந்த வருசம் அப்பிள் ஐபோனின் சிறந்த கேம்னு பரிசே கொடுத்துச்சு. 2023 ஜனவரி 31ல மூடப் போறோம்னு அறிவிச்சு, மே 1ல அணைச்சாங்க. அறிவிச்ச நாள்லயே கடையை மூடினாங்க, அதுக்கு முன்னாடி கட்டின காசு திரும்பல. அதே நாள்ல சோதனையில இருந்த பேட்டில்ஃபீல்ட் மொபைலையும் ரத்துப் பண்ணினாங்க. பரிசும் கூட்டமும் காப்பாத்தும்னு நினைக்க வேண்டாம்.

இப்ப உள்ள வழி: பிளே ஸ்டோர்ல வாங்கினது 48 மணித்தியாலத்துக்குள்ளன்னா கூகுள்கிட்டயே கேட்கலாம். கணக்கு, வாங்கின வரலாறு, அந்தக் கொள்வனவு, பிரச்சினை அறிவின்னு போகணும். அதுக்குப் பிறகு கேம் கம்பனிகிட்டதான் கேட்கணும், அவன் மனசு. எந்த வழியா கட்டினியோ அந்த வழியாத்தான் திரும்பும், ரீலோட்ல கழிஞ்சது கையில காசா வராது.

அதனால போன் கேம்ல நாணயத்தை மொத்தமா வாங்கிக் குவிச்சு வைக்காத. பெரிய பொதி மலிவா தெரியும். மூடுற நாள்ல மிச்சம் இருக்கிற நாணயம் பூஜ்யம். அந்தப் பருவத்துக்கு வேணுங்கிறதை மட்டும் வாங்கு.

கணினியில ஸ்டீம்ங்கிற ஒன்லைன் கேம் கடைன்னா கொஞ்சம் பாதுகாப்பு. முன்பதிவை வெளியீட்டுக்கு முன்னாடி எப்ப வேணும்னாலும் ரத்துப் பண்ணலாம். வெளியான பிறகு வாங்கி 14 நாளுக்குள்ள, விளையாடினது 2 மணிக்குள்ள. 2024 ஏப்ரலுக்குப் பிறகு, முன்கூட்டி நுழைஞ்சு விளையாடுற நேரமும் அந்த 2 மணியில சேரும். பிளேஸ்டேஷன் வச்சிருக்கவங்களுக்கு வேற தலைவலி. சோனியின் வலையமைப்பு இலங்கையை நாட்டுப் பட்டியல்லயே சேர்க்கல, அதனால எல்லாரும் இந்தியா, சிங்கப்பூர்னு வேற நாட்டுக் கணக்குல இருக்காங்க. அந்த நாட்டுப் பரிசு அட்டை வாங்கிப் போட்ட காசு ரத்தானாலும் அந்தக் கணக்கின் பணப்பையிலதான் விழும். 2024ல கொன்கோர்ட் ஆகஸ்ட் 23 வந்து செப்டம்பர் 6ல அணைஞ்சப்போ எல்லாருக்கும் முழுக் காசும் திரும்பிச்சு. பணப்பையில விழுந்தது அங்கயே கிடக்கும், வேற கேம் வாங்கத்தான் உதவும்.

2025 ஜூலை 6, காலை 10.15 · பண்டாரவளை

"கேம்களைக் கொல்றதை நிறுத்து"ன்னு ஐரோப்பாவுல கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டிருச்சே. அது நமக்கு உதவுமா?

2025 ஜூலை 6, மதியம் 1.00 · கொட்டகலை

ஹைடேலுக்கு உதவாது. அது வித்த கேமை அணைக்கிறதைப் பத்தினது. யுபிசொப்டின் த க்ரூவை 2024 மார்ச் கடைசியில அணைச்சதுல தொடங்குச்சு. வித்த பொருளை ஓடுற நிலையில விட்டுட்டுப் போங்கிறதுதான் கோரிக்கை. விக்காத கேமுக்கு எந்தச் சட்டமும் கிடையாது, இருக்கவும் கூடாது. செய்ய முடியாததை நிறுத்தவும் பயந்தா எவனும் புதுசா முயற்சி பண்ண மாட்டான்.

ஆனா அந்தக் கோரிக்கையில இருந்து நாம எடுத்துக்க ஒரு கேள்வி இருக்கு. அடுத்த கேமுக்கு ஆசைப்படும்போது, "சேர்வரை நானே ஓட்டலாமா?"ன்னு முதல்ல கேளு. ஆம்னா, கம்பனி செத்தாலும் கேம் சாகாது. சிட்டி ஒஃப் ஹீரோஸ் 2012 நவம்பர்ல மூடினது. ரசிகர்கள் ஓட்டின சேர்வருக்கு 2024 ஜனவரியில உரிமம் கொடுத்தாங்க. பன்னெண்டாவது வருசம்.

2025 ஜூலை 9, இரவு 10.50 · கொட்டகலை

திட்டுறதைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா மேல ஒருத்தர் வடிவமைப்பாளர்களின் தனிக் கணக்குல போய் எழுதினதைப் பெருமையா போட்டிருந்தார், இப்ப அழிச்சிட்டார். வேலை போனது அவங்களுக்கு. முடிவு எடுத்தவங்க அந்தக் கணக்குல இல்ல.

கோபத்துக்கு வேற வேலை இருக்கு. மூடுற கம்பனிகிட்ட செஞ்ச பொருளைக் கேட்கலாம். எபிக் 2018 ஏப்ரல்ல பரகனை மூடினப்போ எல்லாருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தது ஒருபக்கம், 1 கோடியே 20 லட்சம் டொலர் பெறுமதின்னு அவங்களே சொன்ன உருவங்கள், நிலங்கள் எல்லாத்தையும் அன்ரியல் இன்ஜின்ல வேலை செய்றவங்களுக்கு இலவசமாக் கொடுத்தாங்க. அதுல இருந்து ப்ரெடிசெஸர்னு ரசிகர்களே ஒரு கேம் செஞ்சு 2024ல முழுசா வெளியிட்டாங்க. அது மாதிரி ஹைடேலைக் கொடுக்கச் சொல்லிக் கேட்குறதுதான் இப்ப நடக்க வேண்டியது. பழைய ஜாவா இன்ஜின் எங்கயோ ஒரு களஞ்சியத்துல முழுசாக் கிடக்கு.

2025 ஜூலை 10, காலை 6.30 · ராகலை

கேட்டா குடுத்துருவானுங்களா? ஹஹஹா.

2025 நவம்பர் 18, காலை 7.45 · ராகலை

சிரிச்ச வாயை மூடிக்கிறேன். முதல்ல தொடங்கின சைமனே ரயட்கிட்ட இருந்து ஹைடேலைத் திரும்ப வாங்கிட்டாராம்!!! பழைய இன்ஜினாம்!!!

2025 நவம்பர் 18, இரவு 9.00 · கொட்டகலை

ஆமா, உண்மை. நேத்து, 17ஆம் திகதி அறிவிப்பு. வேலை இழந்த முப்பது பேருக்கு மேல திரும்ப எடுத்திருக்காங்க, சி++ இன்ஜினை ஓரத்துல வச்சிட்டு பழைய சி ஷார்ப், ஜாவா இன்ஜினுக்கே போறாங்க. பத்து வருசத்துக்குச் சொந்தக் காசு போடுவேன்னும் சொல்லியிருக்கார். முன்கூட்டிய அணுகலா, அதாவது முழுசா முடிக்கிறதுக்கு முன்னாடியே, விப்பாங்க, கரடுமுரடாத்தான் இருக்கும்னு அவரே எழுதியிருக்கார்.

மேல ஜூன் 26ல எழுதின அடையாளத்தை வச்சே இதையும் பாரு. இன்ஜின்: இருக்கிறதையே எடுக்கிறாங்க, புதுசா எழுதல. வீடியோ: வெட்டாத நீளமான விளையாட்டைக் காட்டுறாங்களான்னு பார்க்கணும், குறை இருக்கும்னு இப்பவே ஒத்துக்கிறாங்க. கொன்சோல், போன்: இப்ப இல்லன்னு தெளிவா. மஸ்கெலியா தம்பி, போன்ல எதிர்பார்க்காத. குறைஞ்ச ஆள், குறைஞ்ச வாக்குறுதி. ஜூன்ல இருந்ததைவிட இப்பத்தான் நம்பத் தோணுது, ஆனா கார்டை இன்னும் எடுக்காதீங்க.

2025 டிசம்பர் 14, மாலை 6.00 · பண்டாரவளை

டித்வா புயலுக்குப் பிறகு இந்தப் பக்கம் இப்பத்தான் சிக்னல் ஒழுங்கா நிக்குது. ஊவாவுல பாதி ரோடு இன்னும் திறக்கல. எல்லாரும் பத்திரமா இருக்கீங்கன்னு ஒரு வரி போடுங்க, கேம் பிறகு.

2025 டிசம்பர் 14, இரவு 7.20 · மஸ்கெலியா

பத்திரம்.

2025 டிசம்பர் 14, இரவு 7.55 · ராகலை

ஆள் பத்திரம். பாதை இல்ல.

2025 டிசம்பர் 21, காலை 11.30 · மஸ்கெலியா

முன்பதிவு திறந்திருக்கு அண்ணே. ஜனவரி 13 வருதாம். 20 டொலர். வாங்கலாமா? என்கிட்ட 8 ஜிபி லெப்டொப்தான்.

2025 டிசம்பர் 21, இரவு 8.10 · கொட்டகலை

20 டொலர்னா 6,000 ரூபாவுக்கு மேல, அதோட வங்கியின் மாற்று விகிதமும் கட்டணமும். 1,350 ரூபா தோட்ட நாட்சம்பளத்துக்கு நாலு முழு நாள் பேர் போட்டாலும் பத்தாது. வீட்டுக் காசுன்னா இந்த மாசம் வேண்டாம், புயலுக்குப் பிறகு அதுக்கு வேற வழி நிறைய இருக்கு. 35, 70 டொலர் பொதிகளும் இருக்கு. அதுல கூட வர்றது பெரும்பாலும் அலங்காரம், விளையாட்டு ஒண்ணுதான்.

லெப்டொப் விசயம். தனி கிராபிக்ஸ் இருந்தா குறைஞ்சது 8 ஜிபி ரேம். உள்ளமைஞ்ச கிராபிக்ஸ்னா 12 கேட்குறாங்க, ஏன்னா திரைக்குத் தேவையான நினைவகத்தையும் அதே ரேம்ல இருந்துதான் எடுக்கும். இன்டெல் யூஎச்டி 620 வரைக்கும் ஓடும்னு பட்டியல்ல இருக்கு. உன்னோடது 8ல உள்ளமைஞ்ச வகைன்னா கேம் வாங்குற காசை ரேம்ல போடு. லெப்டொப் அடியைத் திறந்து ரெண்டாவது இடம் இருக்கான்னு பாரு, சிலதுல ஒரு ரேம் பலகையோடயே ஒட்டியிருக்கும். ரேம் வகை டிடிஆர்3யா 4ஆன்னு பார்த்து, வேகமும் அதே அளவு வாங்கு. சுழல்ற ஹார்ட் டிஸ்க்னா எஸ்எஸ்டி இல்லாம தொடாத. உலகம் ஏற்றும்போது நின்னு நின்னு வரும், கேமைக் குறை சொல்லுவ.

ஸ்டீம்ல கிடையாது, அவங்க தளத்துல மட்டும்தான். மேல சொன்ன 14 நாள், 2 மணி விதி ஸ்டீமோடது, இதுக்கு அவங்க தளத்தின் விதியைத்தான் பார்க்கணும். வெளியான பிறகு ஒரு வாரம் வீடியோ பார்த்துட்டு வாங்கினா உனக்கு ஒண்ணும் குறையாது.

2026 ஜனவரி 15, காலை 8.20 · ராகலை

வந்துருச்சு, ஓடுது. இப்ப புதுப் பிரச்சினை. என் வீட்டுக் கணினியில சேர்வர் போட்டா பக்கத்து அறையில இருந்து சேர முடியுது, மஸ்கெலியால இருந்து சேர முடியல. ரௌட்டர்ல 5520 போர்ட், அதான் வெளியில இருந்து உள்ள வர்ற வழி, திறந்துட்டேன்.

2026 ஜனவரி 15, இரவு 9.40 · கொட்டகலை

ரெண்டு இடத்துல பாரு. முதல்ல, தகவல் போற முறை ரெண்டு இருக்கு, நீ திறந்தது டிசிபியா யுடிபியா? ஹைடேல் சேர்வர் க்விக்ங்கிற முறையில யுடிபி மட்டும்தான் பேசும். மைன்கிராஃப்ட் பழக்கத்துல டிசிபி திறந்திருப்ப. விண்டோஸ் ஃபயர்வோல்லயும் ஜாவாவுக்கு உள்வரும் யுடிபி அனுமதி கொடு. ஜாவா 25 வேணும், சேர்வருக்குக் குறைஞ்சது 4 ஜிபி ரேம்.

அது சரியா இருந்தும் வரலன்னா உன் இணைப்பு 4ஜி ரௌட்டர்தானே? ரௌட்டர் பக்கத்துல வெளிப்பக்க ஐபி முகவரியைப் பாரு. 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்கும் இருந்தாலோ, கம்பனி ஒரே பொது முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டிருக்கு. நீ எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியில இருந்து வர்ற கதவு உன்கிட்ட இல்ல. அப்ப டெய்ல்ஸ்கேல், ஸீரோடியர் மாதிரி ஒரு தனி வலையை எல்லாரும் போட்டு, அது கொடுக்குற முகவரியில சேருங்க. நாலஞ்சு பேருக்கு இது போதும். ஃபைபர் உள்ள ஒருத்தர் வீட்டுல சேர்வரை வச்சா இன்னும் நல்லது.

சிங்கப்பூர்ல சேர்வர் வாடகைக்கு எடுக்கலாமான்னு அடுத்து கேட்பீங்க. கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் 2,700 கிலோமீற்றர். ஃபைபர்ல வெளிச்சம் நொடிக்கு 2 லட்சம் கிலோமீற்றர், போய் வர 27 மில்லிநொடி. கேபிள் நேர்க்கோட்டுல போகாததால நடைமுறையில அது இன்னும் கூடும். அதுக்கு மேல 4ஜி தன் பங்கைச் சேர்க்கும். மழையில நுண்ணலை இணைப்புல ஓடுற கோபுரம் தடுமாறும். இங்க மழை இல்லாத மாசத்தை எண்ணிப் பாரு. அஞ்சு பேரும் நுவரெலியா மாவட்டத்துக்குள்ள இருந்தா வாடகை வேண்டாம்.

2026 ஜனவரி 16, காலை 7.00 · ராகலை

டிசிபிதான் திறந்திருந்தேன். மாத்தியும் வரல, 10ல தொடங்குது. டெய்ல்ஸ்கேல் போட்டதும் வந்துருச்சு.

2026 ஜனவரி 16, இரவு 8.30 · பண்டாரவளை

கரண்ட் போனா உலகம் கெட்டுப் போகுமா? இங்க வாரத்துக்கு ஒரு தடவையாவது போகுது.

2026 ஜனவரி 16, இரவு 10.05 · கொட்டகலை

எழுதிக்கிட்டு இருக்கும்போது போனா கெடலாம். உலகக் கோப்புறையை 30 நிமிசத்துக்கு ஒரு தடவை வேற டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க வை, கடைசி ஆறு பிரதி போதும், பழையதை அழிக்கட்டும். முன்கூட்டிய அணுகல்ல அப்டேட் அடிக்கடி வரும். ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்னாடியும் தனியா ஒரு பிரதி எடு. மொட் போட்டிருந்தா மொட் கோப்பையும் சேர்த்து எடு. உலகம் மட்டும் இருந்து மொட் பழசாப் போனா அந்த மொட் வச்ச பிளொக் எல்லாம் காணாமப் போகும்.

ரௌட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் கடையில இருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி ரௌட்டர் அடப்டர்ல எழுதியிருக்கிற வோல்டும் அம்பியரும் பாரு. ஃபைபர்னா சுவத்துல இருக்கிற பெட்டிக்கும் ரௌட்டருக்கும் தனித்தனியா கரண்ட் வேணும், ஒண்ணுக்கு மட்டும் கொடுத்தா பயனில்ல. அப்புறம் ரௌட்டர்ல சேர்வர் கணினிக்கு நிலையான உள்முகவரி போட்டு வை. இல்லன்னா கரண்ட் வந்ததும் வேற முகவரி கொடுத்துரும், திறந்து வச்ச போர்ட் யாருமில்லாத இடத்துக்குப் போகும்.

2026 ஜனவரி 17, காலை 9.10 · மஸ்கெலியா

ரேம் போட்டாச்சு அண்ணே, 16. கேம் அடுத்த மாசம். பார்வைத் தூரத்தை எவ்வளவு வைக்கணும்?

2026 ஜனவரி 17, மதியம் 12.40 · கொட்டகலை

சேர்வர் பக்கத்துல 12 சங்க் தாண்டாத, சங்க்ங்கிறது உலகத்தைப் பிரிக்கிற துண்டு. ஒரு சங்க் 32 பிளொக், அப்ப 384 பிளொக் தூரம். சேர்வரின் ரேமை அதிகமாத் தின்கிறது இதுதான். ராகலை வீட்டுச் சேர்வர்ல அஞ்சு பேர் வேற வேற திசையில ஓடினா 8க்குக் குறைக்கச் சொல்லு. உன் லெப்டொப்ல 6ல தொடங்கி ஏத்திப் பாரு.